பதினெட்டு நாள் மூத்தவள்

"பெண். சனிக்கிழமை, காலை ஏழே கால். மூன்றாம் லயம்." எஸ்டேட் ஆஸ்பத்திரியின் தடுப்பூசி அட்டையில் நீல மையால் எழுதிய இந்த வரிதான் நான் பிறந்ததற்கான முதல் எழுத்துச் சான்று. அட்டையின் மேல் ஓரத்தில் அம்மாவின் செக்ரோல் எண், அதாவது தொழிலாளர் பதிவேட்டில் அவளுக்குக் கொடுத்திருந்த எண், இருக்கிறது. அம்மாவின் பெயர் இல்லை. தோட்டத்தில் எண் போதுமானதாக இருந்தது. வரிக்குக் கீழே தேதி.

அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை. என் பள்ளிச் சான்றிதழிலும் வேலை உத்தரவிலும் இருப்பது வேறொரு தேதி, அட்டையில் உள்ளதற்குப் பதினெட்டு நாள் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டும் இன்னும் அரசுத் தாள்களில் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றில் ஒன்று என்னுடையது அல்ல. பெயரையும் எழுதவில்லை. அது எனக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை.

அட்டை என் கைக்கு வந்தது போன சித்திரையில். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு கொல்லங்கோட்டுக்கு என்னிடம் வந்தாள். நான் இங்கே ஒரு பள்ளியில் எழுத்தர். சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பு. வீட்டிலும் எனக்கு இதே பழக்கம்தான். முதல் மழை விழுந்த நாள், கிணற்றில் நீர் இறங்கிய நாள், ஒரு புத்தகத்தைத் தொடங்கிய நாள், முடித்த நாள் என்று நோட்டுப் புத்தகங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அப்படிப்பட்டவள் இத்தனை வருஷம் தன் பிறந்த தேதியையே தவறாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துப் படித்ததும் முதலில் எனக்கு நினைவு வந்தது அலுவலகத் தவறு அல்ல. அவள்தான்.

மூன்றாம் லயத்தில் எங்கள் வீட்டுக்கு முந்தைய வீடு அவளுடையது. நடுவில் ஒரே சுவர். அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர். கடைசி வீட்டுப் பெண்ணுக்கும் அதே பெயர். நாங்கள் பிறந்த வருஷம் லயத்துக்கு மேலே இருந்த அம்மன் கோயிலுக்குக் கூரை போட்டார்கள். ஒரே கூட்டமாகக் கொழுந்து எடுத்த பெண்கள், அந்த வருஷம் பிறக்கும் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மன் பெயரையே வைப்பதாக நேர்ந்துகொண்டார்கள். பிறந்தது மூன்று. சாயங்காலம் யாராவது ஒரு தாய் வாசலில் நின்று கூப்பிட்டால் மூன்று பேரும் ஓடுவோம். முதலில் போய்ச் சேர்ந்தவளுக்கு வேலை. மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே திரும்புவோம்.

பள்ளியில் சேர்த்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் மழையும் கொழுந்தும் சேர்ந்து வருகிற காலம். அந்த நேரத்தில் தாய்மார்களுக்கு லீவு கிடைக்காது. அதனால் கிரஷ்ஷில் எங்களைப் பார்த்துக்கொண்ட ஆயாதான் அந்த வருஷத்துப் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்ப்பாள். எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். தடுப்பூசி அட்டைகளை வீட்டு வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அட்டைகள் இருந்த வரிசையிலேயே பிள்ளைகளையும் நிறுத்திவிடுவாள். தலைமையாசிரியர் மேலே இருக்கும் அட்டையை எடுத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முன்னால் நிற்கிற பிள்ளை போகவேண்டும். தகப்பன் பெயரைப் பிள்ளையிடம் கேட்டும், தேதியை அட்டையைப் பார்த்தும் எழுதிக்கொள்வார். இதில் தவறு வர வாய்ப்பில்லை, ஒரே பெயரில் மூன்று பேர் அடுத்தடுத்து நிற்காதவரை.

அவள் எனக்கு முன்னால் நின்றாள். நான் அழுதேன். அவள் திரும்பி, "ஏட்டி, அழாத. நீ முன்னால போ. நான் பின்னால நின்னு ஒன் சட்டையப் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள். முன்னால் போனேன். முதுகில் அவள் கை இருந்தது. ஐந்து வயது நினைவைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவேடும் இதையேதான் சொல்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே பெயர் எங்களுக்குத் தொந்தரவாக இருந்ததா என்று பெரியவர்கள்தான் கேட்டார்கள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி. டீச்சர் வருகைப் பதிவில் பெயரைச் சொன்னதும் மூவரும் எழுந்து, "ஹாஜர்" என்று ஒரே குரலில் கத்துவோம். ஒருத்தி வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மற்றவளின் நோட்டு அவள் நோட்டாகிவிடும். பையன்கள், "மூணுக்கும் ஒரே மூளதான், இன்னைக்கு யாரு கொண்டாந்திய?" என்று கேட்பார்கள். "ஒங்க நாலு பேருக்கும் சேத்து அதுவும் இல்லையே" என்று அவள்தான் பதில் கொடுப்பாள். பதில் கொடுப்பது எப்போதும் அவள்தான்.

நான்காம் வகுப்பில் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். நல்லவர். பிள்ளைகளின் மனசைப் பற்றிக் கவலைப்படுகிறவர். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், தான் தனி ஆள் என்ற எண்ணமே பிள்ளைக்கு வராது என்று நினைத்தார். தகப்பன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துப் பார்த்தார், அதிலும் இரண்டு பேருக்கு ஒரே எழுத்து. பிறகு பதிவேட்டைத் திறந்தார். "பிறந்த தேதிப்படி வச்சுக்கலாம். யாருக்கும் வருத்தம் வராது" என்றார். எனக்குப் 'பெரிய', அவளுக்கு 'நடு', மார்கழியில் பிறந்த கடைசி வீட்டுக்காரிக்குச் 'சின்ன'.

கடைசி வீட்டுக்காரி சிரித்தாள். அவளுக்கு எதுவுமே கவலை இல்லை. ஆனால் 'நடு' ஆனவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான்தான் மூத்தவ. எங்கம்மா சொல்லிருக்கு."

"பதிவேட்டுல அப்படி இல்லையே மோளே."

"அது தப்பு டீச்சர். இவகிட்டயே கேளுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. ஆடியில் பிறந்தவள் என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பிறந்த தேதி பேசியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'பெரிய' என்ற சொல் அதற்குள் எனக்குப் பிடித்துப் போயிருந்தது. "பதிவேட்டுல இருக்கதுதான் சரி டீச்சர்" என்றேன்.

இடைவேளைக்குள் அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. தோட்டத்து ஜீப்பில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாக உட்காருகிறவருக்குக் கியர் கம்பி முட்டியில் இடித்துக்கொண்டே வரும். அந்த இடத்தில் யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள். பையன்கள் அவளை, "ஏ நடு சீட்டு" என்று கூப்பிட்டார்கள். எதற்கும் பதில் வைத்திருப்பவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தினாள். வாசலில் தாய் கூப்பிட்டால் அதற்குப் பிறகு மூன்று பேரும் ஓடவில்லை. பெரிய, நடு, சின்ன என்று எங்களை வீட்டிலும் பிரித்துக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டு மாதம் இருக்கும். அவளுடைய அப்பா மலைக்குக் கீழே, கம்பத்துப் பக்கம், சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்தில் வேலைக்குப் போக முடிவெடுத்தார். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே கிளம்பினார்கள். ஜீப்பில் பாத்திரமும் பாயும் ஏற்றினார்கள். அவளுடைய அண்ணன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். நான் எங்கள் வாசலில் நின்றேன். போய்ப் பேசு என்று அம்மா முதுகில் தட்டினாள். நான் படியை விட்டு இறங்கவில்லை. அவள்தான் வந்தாள்.

"ஏட்டி, நீயே மூத்தவளா இருந்துக்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளை விட்டுக்கொடுப்பது போலச் சொன்னாள். ஜீப் வளைவில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைய தேதியை நான் குறித்து வைக்கவில்லை. குறித்து வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அட்டை கிடைத்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஒனக்கு மூத்தவதான். அவ பொறந்தப்ப நீ என் வயித்துல இருந்தே. அவ அம்மைக்கு நான்தானே வெந்நி போட்டுக் கொடுத்தேன்."

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீ கேட்டியா? டீச்சர்தான் கேட்டாளா? பெரிய, நடுன்னதெல்லாம் ஒசரத்த வச்சுன்னு நெனச்சேன். பள்ளியோடத்துல என்ன எழுதிருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. உண்மைதான். சுவருக்கு இந்தப் பக்கமே சாட்சி இருந்திருக்கிறது.

வைகாசி விடுமுறையில் பழைய பள்ளிக்குப் போனேன். இப்போதிருக்கும் தலைமையாசிரியரிடம் நானும் இதே வேலை செய்கிறவள் என்று சொன்னதும் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. எங்கள் பெயர்கள் அடுத்தடுத்த எண்களில் இருந்தன. முதலில் என் பெயர், என் தகப்பன் பெயர், அவளுடைய செவ்வாய்க்கிழமை. அடுத்த வரியில் அவள் பெயர், அவள் தகப்பன் பெயர், என் அட்டையில் உள்ள சனிக்கிழமை. சட்டையைப் பிடித்துக்கொள்வதற்காக அவள் பின்னால் போன அந்த ஓர் அடி, மையில் அப்படியே பதிந்திருந்தது. அந்த இரண்டு வரிகளையும் என் நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டேன். நான்காம் வகுப்புக்குப் பிறகு பள்ளியில் வருஷா வருஷம் நான் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தது அவளுடைய நாளில். மலைக்குக் கீழே அவளும் கொடுத்திருந்தால் அது பதினெட்டு நாள் கழித்து, என்னுடைய நாளில்.

தேதித் திருத்தத்துக்கு மனு எழுத எனக்குத் தெரியும். பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காக இதுவரை எழுதவில்லை. நான் அந்தச் செவ்வாயை விட்டுவிட்டால் அவளோடு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே தொடர்பும் போய்விடும்.

ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் சேர்க்கை நடந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, இதே பேர்ல இந்தக் கிளாஸ்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதாமா. ஊட்டுல எல்லாரும் பேர மாத்தச் சொல்றாங்க. புள்ளைக்குச் சங்கடமா இருக்காதுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தச் சிறுமி, "அம்மா, அந்த ரெண்டு பேரும் எங்க இருக்காங்க? நான் பாக்கோணும்" என்றாள். வகுப்பு இருக்கும் திசையைக் காட்டினேன். கையை உதறிக்கொண்டு ஓடிப்போனாள்.

"பேரு அப்படியே இருக்கட்டுங்க. பொறந்த தேதிச் சீட்டை மட்டும் குடுங்க" என்றேன். மூன்று முறை சரிபார்த்து எழுதினேன். சீட்டை நான் திருப்பித் தர ஏன் அவ்வளவு நேரமானது என்று அந்தத் தாய்க்குப் புரிந்திருக்காது.

கடைசி வீட்டுக்காரி வண்டிப்பெரியாரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, இத்தன வருஷமா நான்தான் சின்னவன்னு நெனச்சேன்" என்றாள்.

"நீ சின்னவதான். நாங்க ரெண்டு பேருந்தான் மாறிப்போனோம்."

"அப்ப எனக்கு ஒண்ணும் கெடைக்கலையா? போடி போ." சிரித்துவிட்டு, தேடிப் பார்க்கிறேன் என்றாள். கம்பத்திலிருந்து சரக்கு கொண்டுவரும் ஒருவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று விசாரித்து, ஆவணி மூன்றாம் வாரத்தில் ஒரு கைபேசி எண்ணை அனுப்பினாள். "மலையிலேந்து எறங்கி வந்தவங்க, இதே பேருதான்னு சொல்லுதாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்று குரல் செய்தி.

மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். ஒரு சிறுமி எடுத்தாள்.

"அம்மா காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கு. போன வச்சிட்டுப் போயிருச்சு. நீங்க யாரு?"

பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "அது எங்கம்மா பேரு!"

"எனக்கும் அதுதான் பேரு. அம்மா முன்னாடி தேயிலைத் தோட்டத்துல இருந்துச்சா?"

"தெரியல. மலையில குளிரும்னு சொல்லும்."

"அம்மா வந்ததும் ஒண்ணு சொல்றியா? மூணாம் லயத்துக்காரி கூப்பிட்டா, நீதான் மூத்தவன்னு சொன்னான்னு சொல்லு."

"அது அதுக்கே தெரியுமே" என்றாள் சிறுமி. "வீட்டுல எங்கம்மாதான் மூத்தது. அதுக்கப்புறம் ரெண்டு சித்தி."

எனக்கு ஜீப்பின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்ற அவளுடைய அண்ணனின் முகம் தெரிந்தது. மாமா உண்டா என்று கேட்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், அவள் போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமும், மறுநாள் இருமுறையும் கூப்பிட்டேன். எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெண் பிள்ளைகளில் மூத்தவள் என்று அந்தச் சிறுமி சொல்லியிருக்கலாம். தங்கைகள் கீழே போன பிறகு பிறந்திருக்கலாம். கம்பத்துப் பக்கம் இந்தப் பெயரில் எத்தனையோ பெண்கள் இருக்கலாம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதும், சேர்ந்தது அவளிடம்தானா என்பதும் இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.