பூஜையில் வைத்த பேச்சுப்பெட்டி

கஜபதி அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் தச்சன். தச்சன் என்று அவனாகச் சொல்லிக்கொண்டதுதான். அவன் செய்த முக்காலி ஒன்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல், நொண்டி நொண்டியே கே.ஜி.கண்டிகை டீக்கடை வரை போய்விட்டது. நானே பார்த்தேன், பெஞ்சில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"உளிய கீழ வெச்சிட்டு வாய்யா சனியனே, சோறு ஆறுது!" என்று அவன் மனைவி பாஞ்சாலி கத்தினால் மலைக்கோயிலில் மணியடிப்பவர் கை நின்றுவிடும்.

தொண்ணூற்றெட்டில் பக்கவாதம் வந்து அந்த வாயை அடைத்தது. வலது கையும் போயிற்று. எழுதிக் காட்டலாம் என்றால் அவள் பள்ளிக்கூடம் போகாதவள்.

கஜபதி ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினான். புத்தகம் வைத்துக்கொண்டு 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றான். கதவுப் பலகையை அறுத்து ஐந்து கட்டைகள் செய்து, கீபோர்டின் மேல் ஒரு பெட்டியாகப் பொருத்தினான். கட்டைகளில் செதுக்கிய படங்கள்: சொம்புக்குத் தண்ணி, தட்டுக்குப் பசி, முள்ளுக்கு வலி, கைக்கு வா. ஐந்தாவதில் அவனுடைய பெரிய மூக்கு. கட்டையை அமுக்கினால் அவன் புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்து திரையில் வரும். கூடவே ஒரு கூவல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனிக் கூவல். கொல்லையில் மரம் இழைத்துக்கொண்டிருந்தாலும் கேட்கும்.

பாஞ்சாலி முதலில் அமுக்கியது மூக்கை. திரையில் 'சனியனே' என்று வந்தது. கஜபதி அழுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு உளி, ரம்பம், சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். பெட்டிக்கும் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினான். மத்தியானம் பாஞ்சாலி இடது கையைப் பெட்டிப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினாள்.

"சாமிகிட்ட வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது பாஞ்சாலி. நாளைக்குக் காலீல குடுத்துடறேன்."

தண்ணீர் கொடுத்தான், தட்டிவிட்டாள். சோறு ஊட்டப் போனான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் வரை காட்டிக்கொண்டே இருந்தாள்.

விடிந்ததும் கற்பூரம் காட்டிவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தான். இடது கையும் விழுந்திருந்தது. கண் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலைப் பிடித்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, "இதுவா? இதுவா?" என்று கேட்டான். ஐந்தும் கூவி ஓய்ந்தன.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வாசற்படியில் நின்றபடி, "அதுல இல்லாத வார்த்தையா இருந்தா இன்னா பண்ணுவ நைனா?" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு புதுக் கட்டை செய்கிறான். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அவள் தங்கச்சிக்கு ஒன்று, கொல்லை எருமைக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று. பயத்துக்கு என்ன படம் செதுக்குவது என்று என்னைக் கேட்டான். பெட்டி இப்போது அவள் கட்டிலைவிட நீளம். ஒவ்வொரு கட்டைக்கும் அவள் விரலைத் தூக்கிக்கொண்டு போகிறான்.