எண்ணெய்க்காவின் வகிடு

கேட்டில் காவல்கார அம்மாள் கேட்பதற்கு முன்பே எண்ணெய்க்கா தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துவிடுவார். அந்த அம்மாள் உள்ளங்கை அகல வெள்ளைத் துணியை அவருடைய வகிட்டில் அழுத்தி, நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு இழு இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே இருக்கும். "ம், போ" என்பார். மற்ற பெண்களுக்கு இந்தச் சோதனை வாரத்தில் ஒரு நாள். எண்ணெய்க்காவுக்கு மட்டும் தினமும்.

எங்கள் கம்பெனியில் வெள்ளைச் சட்டை மட்டும்தான் தைக்கிறோம். ஆகவே எண்ணெய் வைத்த தலையோடு யாரும் உள்ளே வரக் கூடாது. பேனா, மை, உதட்டுச்சாயம், எந்த வகை எண்ணெயும் என்று கேட்டைத் தாண்டக் கூடாதவற்றின் பட்டியல் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பட்டியலுக்குக் கீழே பதினோரு வருடமாக நடந்து போகிறவர் எண்ணெய்க்கா. வயது நாற்பத்து நான்கு. பின்னலை இரண்டாக மடித்துக் கட்டினாலும் தொப்பி புடைத்துக்கொண்டு நிற்கும். பரிசோதனை மேஜையில் அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். சட்டையை எடுத்ததும் காலரைப் புரட்டுவார், பிறகு கைப்பட்டி, பிறகு பொத்தான் வரிசை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளுவார். அடுத்த சட்டை அதற்குள் கையில் இருக்கும்.

"கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும், தெரியுதா?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் எல்லோரையும் விரட்டினார்.

"கண்ணுல ஊத்தலாம், தலையில ஊத்தினா மட்டும் குத்தமா சார்?" என்றார் எண்ணெய்க்கா, கையை நிறுத்தாமல். சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

எண்ணெய் அவருக்குச் சனிக்கிழமை மாலை. வேலை முடிந்து தன் இரண்டு அறை வீட்டுக்குள் நுழைந்ததும், தேங்காயெண்ணெய் சீசாவைச் சுடுதண்ணீர்ச் சொம்புக்குள் இறக்கி வைப்பார். அடுப்பில் நேராகச் சுட வைத்தால் எண்ணெய் செத்துப்போகும் என்பது அவர் கட்சி. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைப்பார். கையில் மிஞ்சியதைக் காதோர முடியில் வழித்து விடுவார்; ஒரு துளியும் வீணாகாது. தலையணையில் பழைய துண்டு விரித்துப் படுப்பார். ஞாயிறு மாலை இரண்டு முறை அலசிக் குளிப்பார். திங்கட்கிழமை காலையில் துணி வெள்ளையாக வரும்.

"வைத்தியருக்குக் குடுக்கிறத வாணியருக்குக் குடுன்னு சும்மாவா சொன்னாங்க? இத வச்சாத்தான் அந்த வாரம் முழுக்க என் புத்தி இடத்துல இருக்கும்" என்பார். வண்டி ஓட்டும் கணவர் மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இந்த வாசனையே ஆகாது. "அம்மா, என் பக்கத்துல உக்காராத, புத்தகமெல்லாம் வாடை அடிக்குது" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாளாம்.

சென்ற வருடக் கடைசியில் மேஜைத் தலைவியாக இருந்த அம்மாள் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் கூடத்தில் மேஜைத் தலைவிக்கு மட்டும்தான் நாற்காலி. மற்றவர்கள் எட்டு மணி நேரமும் நின்றபடியே பார்க்க வேண்டும். எண்ணெய்க்காவின் கணுக்கால் மாலையானால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். "ஒண்ணாந்தேதியில இருந்து நாற்காலி உனக்குத்தான்" என்று சூப்பர்வைசர் வாய்விட்டே சொல்லியிருந்தார். மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது அக்கா அதில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்து, உயரத்தைக்கூடச் சரிசெய்து வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் இரண்டு பெட்டிச் சட்டைகள் திரும்பி வந்தன. காலருக்குப் பின்னால் மிளகு அளவில் மஞ்சள் கறை. மேனேஜர் ஒரு சட்டையை மேஜையில் விரித்து, "இது யாரோட தலை?" என்று கேட்டார். யாரும் பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போயிற்று.

எண்ணெய்க்கா சட்டையை எடுத்து முகர்ந்தார். கறையை நகத்தால் கீறினார். "சார், இது மெஷினுக்குப் போடுற எண்ணெய். தேங்காயெண்ணெயா இருந்தா இந்த ஏசி குளிருக்கு ஒறஞ்சு போயிருக்கும். இது வழவழன்னு அப்படியே இருக்கு, தொட்டுப் பாருங்க."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் மேனேஜர்.

தையல் மெஷின்களைப் பார்க்கும் மெக்கானிக்கின் எண்ணெய் டப்பா மூக்கில் ஒழுகுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதிர் மேஜையில் சட்டை மடிக்கும் நானும் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மடித்த சட்டையையே மறுபடியும் மடித்தேன்.

மறுநாள் மேனேஜர் வந்ததும் எண்ணெய்க்கா இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கண்மருந்துச் சீசாவை எடுத்தார். கழிவுத் துணி ஒன்றில் அதிலிருந்து தேங்காயெண்ணெய் மூன்று சொட்டு விட்டார். பக்கத்திலேயே மெக்கானிக்கின் டப்பாவிலிருந்து மூன்று சொட்டு. துணியைக் குளிர்காற்று விழும் இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவருடைய சொட்டு மெழுகுபோல் வெளுத்து விறைத்திருந்தது. மற்றது ஈரமாகவே, ஓரம் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. திரும்பி வந்த சட்டையில் இருந்ததும் அதே மஞ்சள். மேனேஜர் கட்டை விரலால் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். "சரிதான்" என்றார். மேஜையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். எண்ணெய்க்கா நாற்காலியை ஒரு பார்வை பார்த்ததை நான் கண்டேன்.

பிறகு மேனேஜர் அந்தச் சீசாவை எடுத்து ஆட்டினார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. "நான்தான் சார் கொண்டு வந்தேன்."

"கேட்டுல காட்டினியா?"

"இல்ல சார்."

மெக்கானிக்கிடம், "பாத்து ஊத்துப்பா" என்றார்கள். எண்ணெய்க்காவிடம் விதியை மீறியதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றாம் தேதி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். அக்காவைப் பரிசோதனை மேஜையிலிருந்தே எடுத்து, பிசிறு நூல் வெட்டும் வரிசைக்கு மாற்றினார்கள். அங்கேயும் நின்றுதான் வேலை. "பதினோரு வருஷமா அந்தச் சுவத்தப் படிச்சவ நான்" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். "அன்னைக்கு மட்டும் கண்ணுக்கு அந்த நாற்காலிதான் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகுதான் தினசரிச் சோதனை. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கு நேரமாகிறது. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்க நாங்க எதுக்குக்கா காயணும்?" என்று ஒருத்தி கத்துவாள். முன்பென்றால் அக்கா ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

சனிக்கிழமை எண்ணெயையும் நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. பயத்தில் தினமும் ஷாம்பு போட்டுக் குளிக்கிறார். வகிடு அகலமாகிவிட்டது. தொப்பி புடைப்பதில்லை. மூக்கைப் பொத்திய மகளே போன வாரம், "ஒரே ஒரு தடவ வச்சுக்கோம்மா, நானே தேய்ச்சு விடறேன்" என்று சீசாவை எடுத்து வந்தாளாம். "வேணாம்டி, விடிஞ்சா கேட்டு இருக்கு" என்று சொல்லி, அதைத் திரும்பவும் அலமாரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை மெக்கானிக் எங்களுக்கு முன்னால் டப்பாவை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். காவல்கார அம்மாள் அவருக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அடுத்து எண்ணெய்க்கா குனிந்தார், துணி வெள்ளையாக வந்தது, "ம், போ." வாசல் தரை ஓட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பளபளத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிறவரைப் போல உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்தச் சொட்டைச் சுத்தமாக வழித்து எடுத்தார். எழுந்தபோது அந்தக் கை பழக்கத்தில் காதோர முடிக்குப் போயிற்று. பாதியில் நின்றது. கீழே இறக்கி, செருப்புக்கும் பாதத்துக்கும் இடையே விரலை நுழைத்துத் துடைத்துக்கொண்டார்.