மைக் செட்டுக்காரர் அணைத்த சுவிட்ச்

எங்கள் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக் செட்டுக்காரர், அவ்வளவுதான். கல்யாணமோ கருமாதியோ கட்சிக் கூட்டமோ, அவர் குழாய்தான் கத்தும். வீட்டில் மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால் இவருக்கு ஆம்ப்ளிஃபயர். மழை வந்தால் கொடியில் காயும் என் சேலையை உருவி அதற்குப் போர்த்துவார்.

அந்த வருஷம் தலைநகரில் அரசியல் சட்டம் கேட்டுப் போராட்டம் கிளம்பியது. ஆளுகிறவர் நினைத்ததெல்லாம் சட்டமாகக் கூடாது, எழுதிவைத்த சட்டத்துக்கு அவரும் அடங்க வேண்டும் என்பது கோரிக்கை. மெல்ல எங்கள் ஊருக்கும் அது வந்து சேர்ந்தது. கடைகளை அடைத்தார்கள். மில்லில் சங்கு ஊதியும் ஒருவரும் உள்ளே போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கூட்டம் என்றார்கள். மில் தொழிலாளியான என் தம்பிதான் செட்டு கேட்டு வந்தான்.

"வாடகையெல்லாம் வேண்டாம்டா," என்றார் இவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே போலீஸ் லாரிகள் வந்து நின்றன. மேடையில் பேசிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் "யாரும்" என்றார். அத்தோடு சத்தம் நின்றுபோயிற்று. கூட்டம் மிரண்டு ஓடியது. மைதானத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. அங்கே விழுந்த என் தம்பியை எத்தனை பேர் மிதித்தார்களோ தெரியாது. இடது கால் போனது போனதுதான், மில் வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது ஆம்ப்ளிஃபயர் ஒரு கீறல் இல்லாமல் கட்டிலுக்கடியில் இருந்தது.

"உடைச்சிருவாங்கன்னு பயந்து நான்தான் அணைச்சேன்," என்றார். "'யாரும் ஓடாதீங்க, உட்காருங்க'ன்னு வாத்தியார் கத்துனாரு. பக்கத்துல இருந்த எனக்குக் கேட்டுது. கூட்டத்துக்குக் கேட்கல. தம்பிகிட்ட சொல்லிராதே."

தூ என்று துப்பலாம்போல இருந்தது. துப்பவில்லை. தாய் தகப்பன் போனபின் பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். விஷயம் தெரிந்தால் எங்கள் வாசலை மிதிப்பானா? போலீஸ்தான் ஒயரை அறுத்தது என்று ஊர் தானாகவே சொல்லிக்கொண்டது. நாங்களும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தினமும் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம்.

ஒருவழியாகச் சட்டம் வந்தது. அதே மைதானத்தில் வெற்றிக் கூட்டம். கட்டையை ஊன்றிக்கொண்டு தம்பி மேடையேறினான்.

"போலீஸ் ஒயரை அறுத்தப்பகூட எங்க மாமா செட்டை விட்டு நகரல. மேல வாங்க மாமா."

இவர் போனார். மைக்கைப் பிடித்தார். "யாரும் ஓடாதீங்க. உட்காருங்க," என்றார். "அன்னிக்கு வாத்தியார் சொன்னது இதான். உங்களுக்குக் கேட்கல."

அதற்குமேல் வரவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார். மிச்சத்தை நானாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டவர்கள் உருகிப்போய்க் கைதட்டினார்கள். தம்பி கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான்.

நானும் தட்டினேன்.