ஸுல்பிகா வாங்காத வீடு

உப்புவெளியில் என் மதிலுக்கு அடுத்த வீட்டில் ஸுல்பிகா சில வருடங்கள் வாடகைக்கு இருந்தாள். வளவு நிறைய மண் கிடந்தும் அவள் ஒரு மரம் வைக்கவில்லை. கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய் எல்லாம் பழைய பெயின்ற் வாளிகளில்தான் வளர்ந்தன. ஏன் என்று கேட்டால், "வீட்ட விட்டு எழும்பச் சொன்னா மரத்தத் தூக்கிட்டுப் போக ஏலுமா கனகம்மாக்கா?" என்று சிரிப்பாள்.

அவள் கிண்ணியாக்காரி. அங்கே வீடு என்றால் பெண்ணுக்குத்தான். எங்கள் சனத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் பின்பக்கம் சின்னச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அதில் ஒதுங்கிவிடுவார்கள். வாப்பா தனக்குத் தந்த வீட்டை ஸுல்பிகா தன் ஒரே மகள் பஸ்மியாவுக்கு எழுதிக் கொடுத்தாள். கணவர் அந்தப் பத்தியில்தான் மௌத்தானார். கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த கையோடு அவள் உப்புவெளிக்கு பஸ் ஏறினாள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. "உம்மா, குசினிச் சாமான இடம் மாத்தாதீங்க, எனக்குத் தேடி எடுக்க ஏலாம இரிக்கி" என்று மகள் ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான். தான் முதல் உலை வைத்த குசினியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை ஸுல்பிகாதான் என்னிடம் சொன்னாள். இங்கே வந்து விடுதிகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து, ஒருவரிடமும் கை நீட்டாமல் வாடகை கட்டினாள்.

போன மாசியில் வீட்டுக்காரர் அருளம்பலம் வந்தார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம், வெளிநாட்டில்.

"பிள்ளை, வீட்டை விக்கப்போறன். வெளியில கதைக்க முதல் உங்களிட்டத்தான் கேக்கிறன். எடுக்கிறதெண்டால் எடுங்கோ. இல்லாட்டி வைகாசிக்குள்ள வேறை இடம் பாருங்கோ."

ஸுல்பிகாவுக்குத் தாய் வழியில் வந்த வயல் ஒன்று கிண்ணியாவில் இருந்தது. அதை விற்றால் வீடு கைக்கு வரும். நானோ சொந்த வீட்டுக்காரி. வாடகை என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. "என்ன யோசினை? எடு! நாளைக்கு ஏலாமப் படுத்தால் ஆர் உனக்கு வாடகைக்குத் தரப்போகினம்?" என்று மதிலுக்கு மேலால் கத்தினேன். அன்று பின்னேரம் அவள் கறிவேப்பிலை வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும், ஆசையாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

வீடு விலைக்கு வருவதைக் கேள்விப்பட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மகள் குடும்பம் வேனில் வந்து இறங்கியது. நான் வடைத் தட்டோடு ஸுல்பிகா வீட்டுக்குப் போய்க் கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். சாத்தியிருந்த கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஸ்மியா நேரே குசினிக்குப் போய்ப் பானை மூடிகளைத் திறந்து பார்த்தாள். மருமகன் முனீப் அறை அறையாக நடந்தான். நல்லவன், மாமியிடம் மரியாதை உள்ளவன். அவன் முகம் முழுக்கச் சந்தோசம்.

"இந்தச் சுவர எடுத்தா ஹோல் பெரிசாகும். நஸ்ரியாட கலியாணத்துக்கு இனி யோசின இல்ல."

நஸ்ரியா அவர்களுடைய மகள். உயர்தரம் படிக்கிறாள். பாவம், போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

"மாமி, வீட்டு உறுதிய இப்பவே நஸ்ரியாட பேரில முடிப்பம். பிறகு ரெண்டாந்தரம் எழுதிற அலைச்சல் ஏன்? நீங்க இரிக்கிற காலம் மட்டும் இஞ்சதானே இரிக்கப்போறீங்க."

"பின்னால ஒரு பத்தி இறக்குவம் உம்மா" என்றாள் பஸ்மியா. "கடல் காத்து நல்லா வரும்."

அன்போடுதான் சொன்னாள். ஒருவர் மனதிலும் கள்ளம் இல்லை. ஸுல்பிகா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

வேன் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். "உன்ர காசு, உன்ர வயல். உன்ர பேரில எழுது! முனீபோட நான் கதைக்கிறன்."

"என்ட பேரில எழுதினாலும் ஒண்டுதான் அக்கா. நஸ்ரியாக்கு மாப்பிள பேசக்குள்ள நானே எடுத்துக் குடுத்திருவன். அவங்க கேக்கவும் தேவையில்ல. என்னப் பத்தி எனக்குத் தெரியும்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "மறுகா எனக்குத் திரும்பவும் பத்திதான். வாடகை வீட்ட சீதனமாக் குடுக்க ஏலாதுதானே?"

எனக்கு ஒரே ஒரு மகன்தான். மகள் ஒருத்தி இருந்திருந்தால் இந்த வீட்டின் பின்னால் எந்தப் பத்தியில் நான் இருந்திருப்பேனோ! வீட்டுக்காரி என்ற பெருமையில் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வயலை அவள் விற்கவில்லை. குத்தகைக்குக் கொடுத்து, அந்த வரும்படியை நம்பி சாம்பல்தீவில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தாள். சாமான் ஏற்றும் நாளில் பஸ்மியா வந்து வாசலில் நின்று அழுதாள்.

"மகள் கல்வீட்டில, உம்மா வாடகையில எண்டு ஊரெல்லாம் கதைக்கப்போகுது! என்ட முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற?"

ஸுல்பிகா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "கதைக்கட்டும் மகள். நீ பிள்ளயோட வந்து நில்லு, தின்னு, படு. வரக்குள்ள மட்டும் கதவத் தட்டிப்போட்டு வா."

"உம்மாட வீட்டுக்கா?"

"ஓம். உம்மாட வீட்டுக்குத்தான்."

வாளிகள் கடைசியாக லொறியில் ஏறின. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதன்பிறகு பல வாரம் சாம்பல்தீவுப் பக்கமே வரவில்லை. ஸுல்பிகா ஆள் மெலிந்துபோனாள். பிடிவாதத்துக்கு அவள் கொடுத்த விலை அதிகமோ என்று எனக்கே மனம் ஆறவில்லை.

ஒரு பின்னேரம் நான் அங்கே குசினியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வெளியே வேன் வந்து நின்றது. முனீபின் வேன் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். காலடிகள் வாசல் வரை வந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஸுல்பிகா மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

அவள் கையைக் கழுவினாள், முந்தானையைத் தலையில் சரிசெய்தாள். கண்ணீர் வழிய வழிய, குரலை மட்டும் நிமிர்த்திக்கொண்டு, "ஆரது?" என்று கேட்டாள்.