வாயைப் பார்த்துப் படம் பார்த்த ஸ்டெல்லா அக்கா

என் மகன் கவினைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் வழியில்தான் அந்தச் செய்தி வந்தது. தண்டையார்பேட்டையில் ஏறிய பேருந்து, துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடந்த கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி நின்றிருந்தது. எதிர்வீட்டுப் பால்ராஜ் அண்ணன் கூப்பிட்டார். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல அவர். “எங்கம்மா கீற?” என்றார். சொன்னேன். “சரி, புள்ளைக்குக் கிளாஸ முடிச்சிக்கினு வா. அவசரம் ஒண்ணியும் இல்ல. உங்கக்கா போய்ட்டா” என்றார்.

காலை ஷிப்டில், டீ குடிக்க உட்கார்ந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது.

அவரை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்காரர்களுக்கு அவர் கதவைச் சாத்தாத அக்கா. திருவொற்றியூரில் தகர மூடி அடிக்கிற கம்பெனியில் கூட நின்றவர்களுக்கு, இருபத்திரண்டு வருடம் பிரஸ் மிஷினில் நின்றும் ஒரு விரலைக்கூட இழக்காத ஸ்டெல்லா. எனக்கு அவர் யார் என்று சொல்லவேண்டுமானால், அவர் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு அண்ணனிடம் அனுமதி கேட்டேன். “எழுதும்மா. இனிமே யாரு அவள மிஷின வுட்டு எறக்கப் போறாங்க” என்றார். அப்படியும் இதை எழுத உட்கார ஒரு மாதம் ஆகிவிட்டது.

அக்காவுக்கு ஹாங்காங்கில் எடுத்த பழைய குங்ஃபூ படங்கள் உயிர். அண்ணனுக்கும்தான். ஆனால் இருவரும் ஒரு படத்தைச் சண்டையில்லாமல் பார்த்ததை நான் கண்டதில்லை. அண்ணனுக்குத் தமிழ் டப்பிங் வேண்டும். அக்காவுக்குச் சீனப் பேச்சு அப்படியே இருக்க, அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓட வேண்டும். ராயபுரத்துக் கான்வென்டில் பத்தாவது வரை படித்தவர். எழுத்து வேகமாக ஓடினால் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திப் படிப்பார். ரெண்டு மணி நேரப் படம் மூன்றரை மணி நேரம் ஓடும்.

“தமிழ்ல அந்த வில்லன் ‘டேய் கெழவா, உன் கழுத்த ஒடிச்சி சூப்பு வெக்கிறேன்’றான் பாரு, அதான்டி படம்” என்பார் அண்ணன். “நீ இன்னாடான்னா பரிச்சைக்குப் படிக்கிறா மாரி படிச்சிக்கினு கீற.”

“உன் டப்பிங்குல வாய் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது. அவன் வாய மூடி அர நிமிசம் ஆச்சு, இன்னும் பேசிக்கினே கீறான். எனக்குத் தலய சுத்துது.”

“நீ படத்தப் பாக்குறியா, வாயப் பாக்குறியா?”

“வாயத்தான் பாக்குறேன்.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கும் அது நகைச்சுவையாகத்தான் பட்டது. அர்த்தம் தெரியாத சொல் வந்தால் எதிர்வீட்டிலிருந்து என்னை இழுத்துவருவார்கள். ஒருநாள் “வெஞ்சன்ஸ்னா இன்னாம்மா?” என்றார். “பழி வாங்குறது அக்கா” என்றேன். “அதான் அவன் மூஞ்சிலயே எழுதி ஒட்டிகீதே, இதுக்குப் போயி படத்த நிறுத்திட்டேன்” என்று அலுத்துக்கொண்டார். அடிக்கிறவனைப் பார்க்கவே மாட்டார். “அடி வாங்குறவனப் பாரு. அவந்தான் சண்டைய நடத்துறான்” என்பது அவர் கட்சி.

நான் பி.காம். படித்தவள். பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்துவிடும் அக்கா, அந்த மூன்று மணி நேரமும் கவினைப் பார்த்துக்கொள்வார். அவர் மடியில் உட்கார்ந்து அவனும் குங்ஃபூ பார்ப்பான். மாடிப்படி முகப்பில் ஒற்றைக்காலில் நின்று கையை வீசுவான். எல்லாம் செய்வான், பேச மட்டும் மாட்டான். இரண்டரை வயது தாண்டியும் ‘ஆ’ என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை.

“ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்றார்கள் பலர். என் மாமியார் மட்டும் வேறு சொன்னார்: “எந்நேரமும் அந்தச் சீனாக்காரன் படத்தப் போட்டுக் காட்டுனா புள்ளைக்கு எந்த பாஷைன்னு வரும்?” நான் கைபேசியில் தேடினேன். பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் உட்காரவைக்காதீர்கள் என்று ஒவ்வொரு பக்கமும் என்னைத் திட்டியது. எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் பின்னால் போய் நின்று, “உங்க படத்தாலதான் அக்கா எம்புள்ளைக்குப் பேச்சு வரல” என்றேன். அவர் திரும்பவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். என்ன அழுத்தம் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து கவினை அங்கே அனுப்பவில்லை. அவன் எங்கள் வாசலில் உட்கார்ந்து, எதிரே திறந்துகிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு மாதம் தாங்கினேன். பரீட்சைக் காலம் வந்து டியூஷனுக்குக் கூட்டம் கூடியதும், வேறு வழியில்லாமல் மறுபடி அனுப்பினேன். அக்கா கையை நீட்டினார். “வா நைனா” என்று வாங்கிக்கொண்டார்.

அதே வாரத்தில் ஒரு மாலை, டியூஷன் முடிந்து பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு வந்த அண்ணன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். தரையில் அக்காவும் கவினும் எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இரண்டு பேர் கழியால் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அறையில் மின்விசிறிச் சத்தமும் அண்ணனின் குறட்டையும் மட்டுமே கேட்டன. தூங்குவதற்கு முன்னால் அண்ணன்தான் டி.வி.யின் சத்தத்தை முழுக்க நிறுத்தியிருக்கிறார். திரையின் மூலையில் அதற்கான சிவப்புக் குறி நின்றிருந்தது.

“கவின்” என்றேன். திரும்பவில்லை. “அக்கா” என்றேன். அவரும் திரும்பவில்லை. திரையில் ஒருவன் விழுந்தான். இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்து சிரித்தன.

நான் முன்னால் போய் நின்றதும் அக்கா திடுக்கிட்டார். “சத்தமே வெக்காம இன்னா படம் பாக்குறீங்க?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்தார், பிறகு கவினைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்ற ஆரம்பித்தார். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. கழியும் கத்தலுமாக வீடே அதிர்ந்தது.

அண்ணன் கட்டிலிலிருந்து துள்ளி விழுந்தார். “எவன்டா அவன், வூட்டுக்குள்ள பாம் போட்டது?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. அவர் கவினையே பார்த்துக்கொண்டிருந்தார். கவின் சுவரில் ஊர்ந்த எறும்பைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

என்னை மாடிப்படி முகப்புக்கு இழுத்துவந்தார். “என் மூஞ்சியப் பாத்துக் கேளு. எனக்குக் காது கேக்காது. பத்து வருசமா கொஞ்சம் கொஞ்சமா மிஷின் தின்னுடுச்சு. எதிர்ல நின்னு பேசுனா வாயப் பாத்து புரிஞ்சிக்குவேன். பொறத்தால நின்னு பேசுனா ஒண்ணியும் இல்ல. படத்துல எழுத்து ஓடுனாத்தான் எனக்குக் கத. வெளிய வுட்டுறாத. தெரிஞ்சா மிஷின்ல நிக்க வுட மாட்டான், கூட்டித் தள்ள வுட்டுருவான்.”

என்னிடம் ஏன் இதைச் சொல்கிறார் என்று விழித்தேன்.

“நான் பண்ற திருட்டுத்தனம் அத்தனியும் உம்புள்ள பண்றான்மா. கூப்ட்டா திரும்புறான்னு நீ நெனக்கிற. உன் நெழலப் பாத்துத் திரும்புறான். தர அதுருனா திரும்புறான். மெய்யாலும் சொல்றேன், படத்து மேல பழியப் போடாத. காதப் பாரு.”

நன்றி சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது இது: “உங்களுக்குக் கேக்கலன்னா எம்புள்ளைக்கும் கேக்காதா?” பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மாலை, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, சமையலறைத் தரையில் விளையாடிக்கொண்டிருந்த கவினின் பின்னால் நின்றேன். என் நிழல் அவன்மேல் விழாத இடமாகப் பார்த்து நின்றேன். விசில் வந்தது. அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு விசில். அந்தச் சின்னக் கழுத்து அசையவில்லை. ஐந்து விசில் வரை நின்றேன். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. மணி அடித்தால் கேட்காது என்பதால்தான் அந்தக் கதவு என்றைக்கும் திறந்திருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நாங்களோ அதைத் தாராள மனசு என்று பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் உண்மைதான்.

மறுநாள் அக்கா ஷிப்டை விட்டுவிட்டு எங்களோடு அரசு மருத்துவமனைக்கு வந்தார். கண்ணாடி அறைக்குள் கவினுக்குச் சோதனை நடந்த நேரம் முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. “இந்த வயசுலயே கொண்டு வந்தீங்களே, நல்லது. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம்” என்றார் மருத்துவர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அக்காவைக் காட்டினேன். “நீங்களும் ஒரு தடவை காதைப் பாத்துக்கங்க அக்கா” என்றேன் மெதுவாக, வாயை மட்டும் அசைத்து. “எனக்கு இன்னா, நான் படம் பாத்துருவேன்” என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில், குழாயடியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “இன்னா சொன்ன? நான்தான் திரும்பி நின்னுகினு இருந்தேனே” என்றார். என் வாயை அப்படிப் படிக்கிறவர், பிள்ளையை அனுப்பாத அந்த ஒரு மாதமும் என் முகத்தில் எதையும் படிக்காமலா இருந்திருப்பார்? தெரியவில்லை. அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவிடவில்லை.

கவினுக்குக் காதில் கருவி வந்தது. “இனிமே தமிழ் டப்பிங்தான், நைனாவுக்குக் காது கேக்குது” என்று அண்ணன் துள்ளினார். அக்கா ஒரே போடாகப் போட்டார். “வாய் ஒண்ணு, பேச்சு ஒண்ணுன்னா புள்ள எதப் பாத்துக் கத்துக்கும்? அதெல்லாம் வாணாம்.” பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவும், பேசுகிறவர் வாயை அவன் பார்க்க வேண்டும் என்றே சொன்னார். அண்ணன் விடுகிறவரா? டி.வி.யின் சத்தத்தை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் பிள்ளையைப் பார்த்து நின்றுகொண்டு, எல்லாருக்கும் அவரே வசனம் பேசினார். வில்லன், கிழட்டு வாத்தியார், டீக்கடைக்காரி, ஒருவரையும் விடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பயிற்சி அறையில் அந்த அம்மா ஒரு பந்தைக் காட்டி, “இது என்ன, சொல்லு” என்று கேட்டார். என் மகன் முதல் முறையாக முழு வாக்கியம் பேசினான்: “இன்னாடா மொறைக்கிற?” அந்த அம்மா திகைத்துப்போனார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விஷயத்தைச் சொன்னபோது அக்காவும் அழுதார், சிரித்தார், அண்ணனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அவர் இறந்த அன்று, பயிற்சியை முடிக்காமலேதான் திரும்பினோம். குளிர்பெட்டிக்குள் அக்கா இருந்தார். ஐந்து வயதுக் கவின், கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனான். கண்ணாடிக்குமேல் குனிந்து அவர் முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாகப் பிரித்து, “ஸ்டெல்லா, ஏந்திரி” என்றான். பின்னால் நின்று கூப்பிட்ட எங்களுக்கெல்லாம் அது தோன்றவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபின், அக்காவின் ரகசியத்தை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “தெரியும்மா. ஒரு தபா ரோட்ல அவ பின்னால வண்டிய நிறுத்தி ஆரன் அடிச்சேன், நகரல. அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. அவளா சொல்லட்டும்னு வுட்டுட்டேன். டப்பிங், டப்பிங்னு வம்பு பண்ணா, பதில் சொல்றதுக்கு என் மூஞ்சியப் பாப்பா. ரெண்டு பேரும் பேசிக்கினு கீறா மாரி இருக்கும். மத்தபடி, எனக்கு எந்த பாஷைல பாத்தா இன்னா.”

என் கவலை இன்னும் தீரவில்லை. கருவியின் பேட்டரி, கடற்காற்றின் ஈரம், அடுத்த வருடம் பள்ளியில் எந்த வரிசையில் உட்காரவைப்பார்கள் என்பது, இப்படி நாள் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அக்கா இருந்திருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் இப்போதெல்லாம் கைபேசியில் தேடுவதற்கு முன்னால் போய்ப் பிள்ளையின் எதிரே தரையில் உட்கார்கிறேன். எதற்குச் சிரிக்கிறான், எதற்குத் திரும்புகிறான், எதற்குத் திரும்பவில்லை என்று பேசாமல் பார்க்கிறேன். பத்து வருடம் தன்னை மறைத்து வாழ்ந்த ஒருத்தி, தன் வேலையே போனாலும் போகட்டும் என்று என் பிள்ளையைப் பார்த்த பார்வை அது. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.

நேற்றும் அப்படி உட்கார்ந்திருந்தேன். கவின் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். “இன்னா பாக்குற?” என்றான்.

“உன்னத்தான் நைனா” என்றேன்.