பர்வதமலையில் பத்து நிமிஷம்

கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எல்லாமே படுத்துக் கிடக்கும். கடல் படுத்துக் கிடக்கும், உப்பனாறு படுத்துக் கிடக்கும், ஜங்ஷன் தண்டவாளமும் படுத்துக் கிடக்கும். நிமிர்ந்து நிற்பது ஒரு தண்ணீர் டேங்க். அதைவிட்டால் சிதம்பரம் போய்க் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். அதனால் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், அரையாண்டு லீவில் மாமா வந்து மலையேறப் போகிறோம் என்று சொன்னபோது, கோபுரத்தைவிடப் பெரிசா என்றுதான் முதலில் கேட்டேன்.

"கோபுரத்து மேல கோபுரம், அதுக்கு மேல கோபுரம். எண்ணிக்கிட்டே வா மருமவளே, உனுக்கு வாய் வலிக்கும்" என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவில் மெஸ் வைத்திருந்தார். அங்கே சாப்பிடுகிற பையன்கள் எந்த ஊருக்குப் போய்வந்தாலும், அந்தக் கதை இரண்டே நாளில் மாமாவின் சொந்த அனுபவமாகிவிடும். பர்வதமலைக்கு மட்டும் நாலு தடவை போயிருப்பதாகச் சொன்னார்.

போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அம்மாதான். அப்பா சவுதிக்கு வெல்டராகப் போய் மூன்று வருஷம் முடிந்திருந்தது. இரண்டு வருஷத்தில் லீவு தருவோம் என்று சொல்லித்தான் அழைத்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும், அதில் "இன்னும் ஆறே மாசம்" என்பார் அப்பா. யாரோ சொல்லக் கேட்டு அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள். பர்வதமலை உச்சிவரைக்கும் என் காலால் நடந்து வந்து விளக்குப் போடுகிறேன், மனுஷனை ஊருக்கு அனுப்பிவை என்று. பாதியில் திரும்பினால் பலிக்காதாம். அம்மாவுக்கோ எதிர்வீட்டு மாடிக்கு வற்றல் காயவைக்கப் போனாலே முட்டி பிடித்துக்கொள்ளும். ஆக, அப்பா ஊருக்கு வருவதும் வராததும் அம்மாவின் முட்டியில்தான் இருக்கிறது என்று நான் சத்தியமாக நம்பினேன்.

என் கையில் ஒரு வாட்ச் இருந்தது. ஊருக்கு வந்த யாரிடமோ அப்பா கொடுத்தனுப்பியது. கறுப்பு ரப்பர் பட்டை, அழுத்தினால் பச்சை வெளிச்சம், ஸ்டாப்வாட்ச் வேறு. அப்பா அங்கே வைத்த நேரத்தை மாற்றக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் என் மணிக்கட்டில் சவுதி நேரம்தான் ஓடும், நம் நேரம் வேண்டுமென்றால் இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அம்மா வேலைக்கு நடுவில் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். "இப்ப சாப்ட உக்காந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த வாட்ச் வந்ததிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன் என்று போன டீச்சர் பதினோரு நிமிஷம் கழித்து வந்ததை எழுந்து நின்று சொல்லி, அடி வாங்கியவள் நான். அடி வாங்கியும் புத்தி வரவில்லை.

அடிவாரத்து ஊரில் இரவு தங்கி, பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். மார்கழிப் பனியில் மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. படிக்கட்டு மட்டும் தெரிந்தது, அதுவும் முன்னால் இருபது படி. அதற்கு மேல் வெள்ளை. முக்கால் மணி நேரம் ஏறியதும் அம்மா நின்று இடுப்பில் கைவைத்தாள். மேலேயிருந்து ஈரத்துண்டோடு ஒருவர் இறங்கி வந்தார்.

"எம்மாந்தூரம்ப்பா இருக்கு இன்னும்?"

"தோ வந்துடுச்சிம்மா. பத்து நிமிஷம்தான்."

அம்மா முகம் மலர்ந்து நடந்தாள். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆனபோது மொட்டை போட்ட ஒரு பையனும் அவன் அப்பாவும் எதிரில் வந்தார்கள். அம்மா கேட்டாள். பத்து நிமிஷம் என்றார்கள். இன்னும் அரைமணி கழித்துக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், சிரித்துக்கொண்டே, "கிட்ட வந்துட்டீங்கக்கா, பத்து நிமிஷம்" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்படிப் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மலையிலிருந்து இறங்குகிற அத்தனை பேரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது.

"எல்லாம் பொய்யும்மா. மொத ஆளு சொல்லி அம்பத்தாறு நிமிஷம் ஆவுது" என்று வாட்சைக் காட்டினேன்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த வாட்ச கயிட்டிப் பையில போடு! உன்ன யாரு கணக்குப் பாக்க சொன்னது? ஏற வந்தியா, எங்கள எறக்க வந்தியா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னதற்கு ஏச்சா? அம்மா என் கையை இழுத்து, வாட்சின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். பிறகு திறந்து, "அங்க இப்ப மணி இன்னா?" என்றாள்.

"அஞ்சே கால்."

"எழுந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தானும் எழுந்தாள்.

படிகள் முடிந்து பாறைப்பாதை வந்தது. கோரைப்புல்லும் மூங்கிலும் இருபக்கமும் உரசின. ஒரு திருப்பத்தில் காற்று அடித்தது, பனி ஒரேயடியாக விலகியது. நான் நின்றுவிட்டேன். அம்மாடி! எங்கள் தலைக்கு மேலே, நாங்கள் ஏறி முடித்துவிட்டோம் என்று நினைத்த இடத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு பாறை எழும்பி வானத்துக்குள் போயிற்று. அதன் முதுகில் ஒடுக்கமாக ஒரு வழி. அந்த வழியில் மனிதர்கள், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. கோபுரத்தை எண்ணச் சொன்ன மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

அங்கிருந்து பாதை கிடையாது. பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருந்தார்கள், அவைதான் படி. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. அதைத் தாண்டி ஓர் இரும்பு ஏணி செங்குத்தாக நின்றது. எத்தனையோ ஆயிரம் கை பட்டு இரும்பு வழவழவென்று மின்னியது.

"போன தடவ இது இல்லியே" என்றார் மாமா.

அம்மா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள். "நாலு தடவயும் நீ எங்கடா போன?" என்று கேட்டுக்கொண்டே புடவையைத் தூக்கிச் சொருகினாள், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள், சங்கிலியைப் பிடித்தாள். எதிர்வீட்டு மாடிக்கு ஏற முடியாத அம்மா, ஒவ்வொரு கடப்பாறைக்கும் "அப்பனே" என்று ஒரு முனகல் போட்டு ஏறினாள். நடுவில் நான். கடைசியில் மாமா, கண்ணை மூடிக்கொண்டு, "கீய பாக்காத, கீய பாக்காத" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? என் பாதத்துக்குக் கீழே கடப்பாறை, கடப்பாறைக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பருந்தின் வயிற்றை மட்டுமே அதுவரைக்கும் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதன் முதுகைப் பார்த்தேன். காவி நிறத்தில், வெயில் பட்டு, இறகு இறகாகத் தெரிந்தது. சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பயம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய உலகத்தில் என்னைக் கொண்டுவந்து யார் இங்கே ஒட்டவைத்தார்கள் என்று ஒரு திகைப்பு.

உச்சியில் சின்னக் கோயில். அம்மா விளக்கேற்றி, வெகுநேரம் கண்ணைத் திறக்காமல் நின்றாள். வெளியே வந்தபோது பனி முழுவதும் போயிருந்தது. நாலாபக்கமும் பள்ளத்தாக்கு. ஏரிகள் கழுவிக் கவிழ்த்த தட்டுகள்போலப் பளபளத்தன. நெல்வயல், கரும்புக்கொல்லை, ஊர்கள், ஊருக்கு ஊர் போகிற ரோடு. ரோட்டில் ஒரு பஸ் போனது, சத்தமே இல்லாமல். அதற்குள் கண்டக்டர் கத்திக்கொண்டிருப்பார், ஜன்னல் சீட்டுக்கு யாரோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று மட்டும் கேட்டது.

அம்மாதான் முதலில் பேசினாள். "நம்ம ஊரு எந்தப் பக்கம்டா?"

மாமா கிழக்கே கையைக் காட்டினார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "அவுரு இருக்கறது?"

மாமா மேற்கே காட்டினார். அங்கே ஜவ்வாது மலைத்தொடர், மலைக்குப் பின்னால் மலை, கடைசி மலை வானத்தின் நிறத்திலேயே இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை காற்றில் படபடவென்று அடித்தது.

"எம்மாந்தூரம் இருக்கும்?"

"தோ, அந்தக் கடைசி மலைக்கு அந்தாண்டதான்க்கா."

"பொய்! நடுவுல கடல் இருக்கு" என்றேன் நான். சமூக அறிவியலில் எனக்கு நல்ல மார்க். மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அம்மா திரும்பவில்லை.

இறங்கும்போது எனக்கு ஒரே வைராக்கியம். மற்றவர்கள் மாதிரி நான் இருக்கமாட்டேன், கேட்டால் உள்ளதைச் சொல்வேன். ஏணியும் கடப்பாறையும் தாண்டிப் படிக்கட்டு தொடங்குகிற இடத்துக்கு வந்துவிட்டோம். அங்கே அம்மா வயசில் ஒரு பெண் தனியாகப் பாறையில் சாய்ந்திருந்தாள். மஞ்சள் துணிப்பையில் தேங்காய் முட்டிக்கொண்டு தெரிந்தது. முகமெல்லாம் வேர்வை.

"எம்மாந்தூரம் பாப்பா?"

அம்மா முந்திக்கொண்டாள். "தோ, பத்து நிமிஷம்தாம்மா."

"இல்ல!" என்று நான் வாட்சைத் தூக்கிக் காட்டினேன். "இங்கேர்ந்து எங்களுக்கு ஒரு மணி அம்பது நிமிஷம் ஆச்சி. இனிமேதான் கடப்பாற, சங்கிலி, ஏணி எல்லாம் இருக்கு."

அந்தப் பெண் வாட்சைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். "ரெண்டு மணி நேரமா? எனுக்கு ஆவாதும்மா" என்றாள் அம்மாவிடம். "வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்காரு. அதான் வேண்டிக்கிட்டு வந்தேன்." அம்மா அவள் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறது, நான் ஏறவில்லையா, மெதுவாகப் போ என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த பையன்களிடம் தேங்காயைக் கொடுத்து உடைக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் படியில் இறங்கத் தொடங்கினாள்.

இறங்குவதற்கு ஒரே வழிதான். அடிவாரம் வரைக்கும் அவள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள், காலிப்பையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த முதுகைப் பார்க்காமல் படியைப் பார்த்து நடந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. உச்சிவரைக்கும் ஏறினீர்களா என்று அப்பா கேட்டிருக்க வேண்டும், அம்மா ஏணியையும் மாமாவையும் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அவர் சொன்னது, அம்மாவின் காதோடு காது வைத்திருந்த எனக்கும் கேட்டது. இன்னும் ஆறே மாசம். அப்பா வந்தது அதற்கு ஒன்றேகால் வருஷம் கழித்துத்தான். அன்றைக்கு அம்மா, "ஆறு மாசம்தான, ஓடியே பூடும், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள்.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "போன வருஷமும் அப்பா ஆறு மாசம்னுதாம்மா சொன்னாரு. நீ நம்பிட்டியா?"

"தெரியும்டி."

"தெரிஞ்சா ஏன் சரின்ன?"

அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். "ஏன், மலையில மட்டும் எனுக்குத் தெரியலன்னா நெனச்ச?" என்று சொல்லிவிட்டு உலையில் போட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வாட்ச் என் கையில் அல்லவா இருந்தது. சும்மா வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.