சாமை குத்தாத நாட்கள்

எங்கள் ஊருக்குச் சாமை மெஷின் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

கொல்லிமலையில் சாமை நன்றாக விளையும். அதில் உமி போக்கிச் சோறாக்குவதுதான் பெரும்பாடு. அம்மா விடியும் முன்பே உலக்கையைத் தூக்கிவிடுவாள். அவள் தோளுக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. மெஷின் தருகிறோம், ஊர்ப் பொது வீட்டில் இடம் மட்டும் கொடுங்கள் என்று அரசாங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் ஆண்கள் சீட்டாடுவார்கள். அதனால் இடமில்லை.

"கையில குத்துன ருசி மெஷின்ல வருமாப்பா?" என்று கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் கேட்டார். வராது என்றார்கள் ஆண்கள். கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. பலாமரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வார்கள்.

அப்பாவின் தங்கை பக்கத்து வீடு. மகளிர் தினக் கூட்டத்துக்கு லாரியில் கீழே போய்வந்த அத்தை, அங்கே கேட்டதைச் சொன்னாள். எங்கோ பனி பெய்கிற நாட்டில் பெண்கள் எல்லாரும் ஒரு நாள் வீட்டு வேலையை நிறுத்திவிட்டார்களாம்.

"அவங்களும் சாமை குத்துவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அது தெரியல. அவங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கும் பசிக்குமல்ல?"

மறுநாள் ஊரில் உலக்கைச் சத்தம் இல்லை. மற்ற வேலையெல்லாம் செய்தார்கள். காலையில் மரவள்ளிக் கிழங்கு, இரவிலும் மரவள்ளிக் கிழங்கு. எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ரேஷன் அரிசியும் தீர்ந்திருந்தது. நாலாம் நாள், சோறில்லாமல் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, சாமை அங்கதான் இருக்குது. உலக்கையும் அங்கதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா மிளகு காயவைக்கப் போய்விட்டாள்.

அப்பா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "யாருகிட்டயும் சொல்லிறாத கண்ணு" என்றார். சாமையை வெயிலில் காயப்போடாமலே குத்தினார். பாதி நொய்யாகப் போனது, பாதியில் உமி அப்படியே இருந்தது. முறத்தில் புடைத்தார். அரிசி தரையில் விழுந்தது, உமி முறத்தில் நின்றது. இருந்ததைப் பொங்கினார். துப்பித் துப்பித் தின்றோம்.

"நல்லாருக்குதா?"

"நல்லாருக்குதுங்கப்பா."

ரகசியத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பட்டப்பகலில் ஊரில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தொம், தொம். மிளகுக் களத்தில் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கவுண்டர் ஊட்டுல ருசி ஏறுது பாரு" என்றாள் அத்தை. அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஊர்க்கவுண்டர் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். "மெஷின் வெச்சுக்கலாம்" என்றார். ருசியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆண்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அத்தை மரத்துக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

"எங்க வெக்கறது, யாரு ஓட்டறதுன்னு நாங்க சொல்றோமுங்க. நின்னுக்கிட்டுச் சொல்ல முடியாது."



"உக்கார எடம் ஏது சாமி?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அப்பா தலையைத் தூக்காமல் சற்று நகர்ந்தார். அந்த இடத்தில் அத்தை உட்கார்ந்தாள். அவளை ஒட்டி அம்மா. பிறகு மற்றவர்கள்.

இப்போது அந்த மெஷினை ஓட்டுவது நான். நிலப் பங்கு பேசுகிற கூட்டத்துக்கு இன்னும் பெண்களான எங்களைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே போய் உட்காருகிறோம்.

அன்று அப்பா இருந்த இடத்தில் வெயில் விழுந்திருந்தது. சுடுகிறது, அதனால்தான் நகர்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.